நான்காம் பருவத்துக் கண்ணாடி

நைனா,

வெயில் ஏற ஏற, கண்ணாடிகளைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் சூடாகி ஒரு வாடை கிளம்பும். "பஸ் டயரு நாத்தம்" என்று நீ மூக்கைச் சுளிப்பாய். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கண்ணாடி அறையைப் போன வாரம் திறந்தேன். பிரம்பு நாற்காலி, ரேடியோ, நீ கால் நீட்டிக்கொள்ளக் கவிழ்த்து வைத்திருந்த ஐஸ் பெட்டி எல்லாம் இருந்தபடியே இருந்தன. நாற்காலிப் பக்கம் பார்க்காமல் ஜன்னலைத் தள்ளப் போனேன். அந்த வாடை முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. உன் வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பிய அன்றுகூட எனக்கு அப்படி ஆகவில்லை.

இதை நீ படிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் பஸ் போர்டுக்கு மேல் நீ எதையும் படித்தவன் இல்லை. இறந்தவர்கள் எங்கோ உட்கார்ந்து நாம் சொல்வதைக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. ஆனால் இந்த வீட்டில் பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. கல்லூரியில் நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கினால் மறுநாள் காலை வரைக்கும் வாய் திறக்க வேலை இருப்பதில்லை.

அறையைத் திறந்ததே அதைக் கழற்றுவதற்காகத்தான். கட்டிக் கொடுத்த கும்மிடிப்பூண்டி அலுமினியக்காரரே கண்ணாடிகளையும் சட்டங்களையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆட்களோடு வருவதாக ஏற்பாடு. அதன்பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தேன். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நீயும் இல்லை. ஏரிக்கரையில் எனக்கு என்ன வேலை?

அது எப்படி மாறியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பனைமரத்திலிருந்து தொடங்கினால்தான் சரிவரும்.

அந்த ஐப்பசிப் புயலில் வீட்டை ஒட்டிய வேலி மூலையில் நின்ற பனை விழுந்தது. நான் ஊரில் இல்லை. போனில் நீ சொன்ன முதல் செய்தியே அதுதான். கூரை ஓடு பறந்ததைக்கூடப் பிறகுதான் சொன்னாய். மழை விட்டதும் அந்த மரத்தைப் பார்க்கப் போய், சேற்றில் வழுக்கி, இடுப்பை உடைத்துக்கொண்டாய். ஒரு காய்க்காத ஆண் பனைக்காக ஏன் இப்படி அலைந்தாய் என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் கோபித்துக்கொண்டேன். நீ பக்கத்துக் கட்டில்காரரிடம், "படிச்ச பொண்ணு. இப்டித்தான் கேள்வி கேக்கும்" என்றாய்.

இனிப் படகு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டோடு வந்துவிட்டேன், தினமும் ரயிலில் போய்வருவதென்று. நீ உள் அறையில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாய். ஏரி நாற்பது அடி தள்ளி இருந்தது. உனக்கு அதன் சத்தம் மட்டும்தான். சாப்பாடு குறைந்தது. தாடி வளர்ந்தது. யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தாய்.

அப்போதுதான் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. முன்பொரு தடவை கருத்தரங்குக்காக ஒரு குளிர் நாட்டுக்குப் போயிருந்தேன் அல்லவா, அங்கே நான் தங்கிய வீட்டின் பின்பக்கத்தில் மூன்று புறமும் கண்ணாடி வைத்த ஓர் அறை இருந்தது. பனி கொட்டும் மாதங்களைத் தவிர மற்ற மூன்று பருவமும் தான் அங்கேதான் இருப்பதாக அந்த வீட்டம்மா சொன்னார். அதேபோல நம் வீட்டின் கிழக்குப் பக்கம் ஒன்று கட்டிவிட்டால் நீ உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்க்கலாம் என்று சொன்னேன்.

"நம்மூருல எந்த மூணு?"

"கோடையை விட்டுட்டு மத்த மூணும்."

"கோட தான் பத்து மாசம் கீதே, டீச்சரம்மா" என்றாய். பல நாள் கழித்து நீ அடித்த முதல் கிண்டல் அது. அதற்காகவே கட்டிவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

உனக்கு வருஷம் என்பது மாதக் கணக்கு இல்லை, காற்றுக் கணக்கு. வாடை, கொண்டல், தென்னல், மேலக்காத்து. யோசித்துப் பார்த்து, கோடையில் அனலோடு மேலக்காத்து அடிக்கும்போது மட்டும் அங்கே இருக்க முடியாது, மற்றபடி ஆகும் என்று ஒப்புக்கொண்டாய். கிழக்கு பார்த்த அறை; பகல் ஏறினால் வீட்டின் நிழலே அதன்மேல் விழுந்துவிடும். கூரைக்கு வெப்பம் தாங்கும் தகடு. மேல்வரிசைக்கு மட்டும் வெளிப்பக்கம் பூச்சுப் பூசிய, வெயிலைத் திருப்பி அடிக்கும் கண்ணாடி. மழைநீர் தங்காமல் ஓட அதைச் சற்றே பின்னால் சாய்த்து வைப்பது. எல்லாம் நான் படித்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இடத்தில்தான் சண்டை வந்தது. கிழக்குச் சுவருக்கு நடுவில் வைத்தால் அழகாக இருக்கும் என்றார் அலுமினியக்காரர். கட்டிலில் கிடந்தபடியே நீ சத்தம் போட்டாய்.

"பன நின்ன மூலைல போடு."

"அங்க போட்டா வீட்டுக்கு லுக்கே வராது பெரியவரே."

"ஒன்ன இன்னா பொண்ணு பாக்கவா கூட்டாந்தாங்க? மூலைல போடுப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். மரத்தின்மேல் உனக்குப் பாசம் என்று நினைத்தேன். பாசத்தை நீ வெளியே காட்டி நான் பார்த்ததில்லை. அதனால் அது ஒரு மரத்தின் பேரில் வந்தாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

முதல் நாள் உன்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். சுற்றிலும் பார்த்தாய். "இத்தினி வருசம் நான் மீன புடிச்சேன். இப்ப நீ என்னப் புடிச்சி தொட்டில வுட்டுட்ட" என்றாய். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் செங்கேணியின் புருஷன் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டி, "பெரிசு, வாயத் தொறந்து தொறந்து மூடு, பாப்போம்" என்றான். நீ திறந்து திறந்து மூடினாய். கரையே சிரித்தது. செங்கேணி யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது வீட்டுக்காரி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவள், கடைசி வரையிலும் உன்னைச் சண்டைக்கு இழுத்தவள்.

அன்றிலிருந்து அது உன் இடம் ஆயிற்று. வாடை காலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தாய். மழை மூன்று பக்கமும் வழியும்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பாய். பூநாரைகள் வந்து தூரத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும். கார் வைத்துக்கொண்டு பட்டணத்திலிருந்து வந்து அதைப் பார்க்கிறவர்களை நீ பார்ப்பாய். நான் காலையில் டீயைக் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புவேன். நாம் அதிகம் பேசியதில்லை. நீ சொல்லும் முதல் வார்த்தை தினமும் ஒன்றேதான்.

"கண்ணாடி தொடச்சியாமே?"

கடல் கலக்கும் ஏரி; அதன் காற்றில் ராத்திரியெல்லாம் உப்புப் படியும். காலையில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். "மொதல்ல தண்ணி ஊத்து. அப்புறம் துணி. உப்ப தேச்சின்னா கீறல் வுழும்" என்பாய். வேதியியல் பாடம் நடத்துகிறவளுக்கு உப்பைப் பற்றி வகுப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேல்வரிசையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் சாய்வுக் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொல்வாய், சேலை நனைய நனைய.

"நீ ஒக்காந்த எடத்துலருந்து மேல் வரிசை தெரியவே தெரியாதே நைனா."

"எனுக்குத் தெரிய வேணாம். நீ தொட."

அதைவிட மோசம், மேலக்காத்து காலம். அறையைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, உன்னை மறுபடி உள்ளே ஃபேனுக்கு அடியில் கொண்டுவந்து படுக்க வைப்போம். யாரும் உட்காராத அறை. அப்போதும் காலையில் அதே கேள்வி. பிடிவாதத்துக்கு ஒரு வயது உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. காலையில் வாசலில் மூடி போட்ட அலுமினியப் பாத்திரம் ஒன்றை நீ வைக்கச் சொல்வாய். படகிலிருந்து இறங்கிப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை இறாலை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். என்னிடம் சம்பளம் இருக்கிறது. முடியாமல் போன மனிதனுக்கு ஊர் போடும் இரக்கம் நமக்கு எதற்கு என்று தோன்றியது. ஒருநாள் பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்தேன். உன் முகம் மாறிவிட்டது. "வெளிய வையி. அது நம்மளுது" என்றாய். அதற்குமேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நம் இருவருக்கும் பழக்கம்.

கத்திரி வெயிலில் நீ போனாய். அன்று காலையிலும் கேட்டாய். துடைத்துவிட்டேன் என்றேன். துடைத்துத்தான் இருந்தேன். "சரி" என்றாய். நான் பால் காய்ச்சிக்கொண்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியைத் தொடவில்லை. துடை என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில் எதற்காக ஸ்டூல் ஏறுவது? உப்பு மேல் உப்பாகப் படிந்தது. மழை அதைக் கரைத்துக் கோடு கோடாக விட்டுப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது அறை. வாசலில் பாத்திரம் இருந்தது. கொஞ்ச நாள் இறால் விழுந்தது, பிறகு நின்றது. ஊருக்கு மறதி வர இவ்வளவு காலம் போதும் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்ததுதான்.

அலுமினியக்காரர் வருவதற்கு முந்தின நாள், அறையிலிருந்து உன் நாற்காலியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். செங்கேணி ஏரியிலிருந்து நேராக வந்தாள். சேலையில் தண்ணீர் சொட்டியது. ஓலைக்கூடை கழுத்தில் தொங்கியது.

"இன்னாக்கா, கண்ணாடிய கயட்டறியாமே? டீக்கடையில பேசிக்கறாங்க."

"ஆமா செங்கேணி. நான் ஒருத்தி இங்க இருந்து என்ன செய்யப் போறேன்?"

"நீ இன்னானா செய்யி. எங்க வூட்டுக்காரு காலைல படகக் கொண்டாந்து சேத்துல ஏத்திட்டாரு, தெரிமா? நாலு பேரு எறங்கித் தள்ளிக்கினு வந்தாங்க. ஒங்க வூட்டத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சாம்."

"என் வீட்டை அவர் ஏன் தேடணும்?"

அவள் கூடையைக் கீழே இறக்கினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனுக்கு மெய்யாலுமே தெரியாதா?"

தெரியாது, நைனா. நான் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் ஏரியிலிருந்து கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. பெண் பிள்ளையை யார் விடியற்காலைப் படகில் ஏற்றினார்கள்?

செங்கேணி கையை நீட்டி நீட்டிக் காட்டிச் சொன்னாள். கரைக்கு வர ஆழமான தடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கமும் சேறு. உள்ளேயிருந்து வருகிறவன் ஊருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் டாங்கியையும் நம் வேலிப் பனையையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு வந்தால் படகு தட்டாது. பனை விழுந்ததும் அந்த இடத்தில் மூங்கில் நட்டுத் துணி கட்டினார்கள். ஒவ்வொரு காற்றுக்கும் அது சாய்ந்தது. பிறகு அதே மூலையில் என் அறை வந்தது.

"காலைல வெயிலு பட்டா அது டார்ச் அடிச்ச மாரி நிக்கும்க்கா. மழ மோடம் போட்டாகூட வெள்ளையா தெரியும். பனைய விட நல்லா கீதுன்னு எல்லாம் அத்தான் புடிச்சின்னு வந்தாங்க. ஒங்க நைனாதான் சொல்லிக் குடுத்தாரு. மேல் வரிசைய எம் பொண்ண தொடைக்க சொல்றேன், நீங்க நேரா வாங்கடான்னாரு."

"அப்ப அந்த எறா?"

"அது பங்குக்கா. வழி தெரியற குறிய பாத்துக்கறவங்களுக்கு படகுக்கு ஒரு கை. பன இருந்தப்ப காஞ்ச ஓலய வெட்டி கயிச்சி வுட்டுன்னு இருந்தாரே, அப்பவும் குடுத்தாங்க. நீ பள்ளிக்கூடம் போன புள்ள, ஒனுக்கு எங்க தெரியும்? நீதான் தொடைக்கறத வுட்டுட்ட. அப்புறம் எதுக்குப் பங்கு?"

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. கடையில் சாமான் இல்லை என்பதுபோலச் சொன்னாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

செங்கேணி சிரித்தாள். "நாங்களும் கேட்டோம். 'அவ எனுக்காக கட்டினா. ஊருக்கும் ஒதவுதுன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும், வுடு'ன்னாரு."

அவள் போன பிறகு முதலில் வந்தது கோபம். நீ உட்கார்ந்து ஏரியை ரசிப்பதாக நினைத்துக்கொண்டு ரயிலில் போகும்போதெல்லாம் அந்தக் காட்சியை நான் மனதில் வைத்திருந்தேன். வகுப்பில் தலைவலி வந்தால்கூட, அங்கே நைனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நீயோ வேலையில் இருந்திருக்கிறாய். எந்தப் படகு வந்தது, எது இன்னும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாய். டயர் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்தது என் மன நிறைவுக்காகவா, படகுகளுக்காகவா என்று இனி யாரைக் கேட்பது? இரண்டுக்கும்தான் என்று செங்கேணி சொல்லுவாள். அப்படி எளிதாக முடித்துவிட எனக்கு வராது.

ஆனால் நீ சொன்னது சரி. மூஞ்சி சுருங்கித்தான் இருக்கும். என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்த ஒரே ஆள் உள் அறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தவன்தான் என்பதை, அவன் போன பிறகு செங்கேணியின் வாயால் தெரிந்துகொள்கிறேன்.

நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளினேன். அலுமினியக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன்.

"என்ன மேடம், வேற யாருக்காச்சும் பேசிட்டீங்களா?"

"இல்லை. இன்னும் மூணு பருவம் போகட்டும்."

"அப்ப சம்மர்ல வரட்டுமா? அப்பதான் அத பூட்டி வெச்சிருப்பீங்க."

"சம்மர்லயும் அதுக்கு வேலை இருக்கு" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் குடத்தையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போனேன். துணிக்கு உன் பழைய துண்டு ஒன்று கொடியில் கிடந்தது, அதைத்தான் எடுத்தேன். முதலில் தண்ணீர். அப்புறம் துணி. இத்தனை நாள் உப்பு ஒரு தடவையில் போகவில்லை. மூன்று குடம் ஆயிற்று. தோள் வலித்தது. சூரியன் ஏரிக்கு மேல் ஒரு ஆள் உயரம் வந்தபோது சாய்வுக் கண்ணாடியில் பட்டு என் கண்ணே கூசியது. இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன்.

தூரத்தில் மூன்று படகுகள் வெவ்வேறு பக்கம் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசைக்கு வந்தன. யாரும் கை காட்டவில்லை. குனிந்து கழி ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நான் தெரிந்திருக்கவும் நியாயம் இல்லை. கண்ணாடி மட்டும்தான் தெரிந்திருக்கும். கரைக்கு அருகில் வந்த பிறகு செங்கேணியின் புருஷன் நிமிர்ந்து பார்த்துக் கத்தினான்.

"டீச்சரக்கா! வடக்கு மூலைல ஒரு சாண் வுட்டுட்ட!"

ஸ்டூலை நகர்த்திப் போட்டு ஏறித் துடைத்தேன்.

ரயிலுக்குக் கிளம்பக் கதவைப் பூட்ட வந்தபோது, நான் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம் வாசலில் நிமிர்ந்து இருந்தது, மூடியோடு. யார் வைத்தது என்று பார்க்க எட்டிப் பார்த்தேன்; ஒருவரும் இல்லை. மூன்று படகுக்கு மூன்று கை. படகுக்கு ஒரு கை என்பதில் வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு கிடையாதுபோலிருக்கிறது.

சாயங்காலம் வந்து உரித்துக் குழம்பு வைத்தேன். நீ இருந்தபோது வைக்கும் அதே சட்டியில், அதே அளவு. பாதியைச் சாப்பிட்டேன். மீதியை மூடி வைத்தேன். துண்டை அலசிக் கொடியில் போட்டேன், காலைக்குள் காய வேண்டும் என்று.